இணையத்தில் பகிர்ந்த படம் யாருக்குச் சொந்தம்?

ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வியில் மூன்று படங்கள் இருக்கின்றன. முதலாவது, மலையேற்றத்தின்போது கேட்டவரே தம் கைப்பேசியில் எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி சமூக ஊடகத்தில் பகிர்ந்த ஒரு பள்ளத்தாக்கின் படம். அதை ஒரு பயண நிறுவனம் தன் விளம்பரத்தில் சேர்த்துக்கொண்டது. கேட்டதற்கு, "நீங்களேதான் பொதுவில் போட்டீர்கள், கீழே உங்கள் பெயரையும் போட்டிருக்கிறோமே" என்று பதில் வந்திருக்கிறது. இரண்டாவது, அதே கைப்பேசியை நண்பரிடம் கொடுத்து எடுக்கச் சொன்ன, கேட்டவர் நிற்கும் படம். மூன்றாவது, அவருடைய திருமணத்தில் ஸ்டுடியோக்காரர் எடுத்து, தன் தொழில் பக்கத்தில் இப்போது காட்சிக்கு வைத்திருக்கும் படம். இவை யாருக்குச் சொந்தம், யார் எதைத் தடுக்கலாம் என்பதே கேள்வி.

மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் மூன்றிலும் மாறாத ஓர் அடிப்படை உண்டு: படத்தை இணையத்தில் ஏற்றுவதால் மட்டும் அதன் உரிமையாளர் மாறுவதில்லை. பதிப்பகத்தில் படங்களுக்கு அனுமதி பெறும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்து வருபவன் என்ற முறையில், நான் மிக அதிகமாகக் கேட்ட தவறான வாதம் "இணையத்தில் கிடைத்தது" என்பதுதான். படைப்பின் மேல் உள்ள இந்த உரிமையைத் தமிழில் பலர் காப்புரிமை என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் கண்டுபிடிப்புகளுக்குத் தரப்படும் பேட்டன்ட் உரிமைக்கும் புழங்குவதால், குழப்பத்தைத் தவிர்க்க இங்கே பதிப்புரிமை என்றே எழுதுகிறேன். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நம் கேள்விக்கு மிகவும் வேண்டியது. பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்துப் பெற வேண்டும். பதிப்புரிமையோ படம் பதிவான அந்தக் கணத்திலேயே தானாகப் பிறந்துவிடுகிறது.

தானாகப் பிறக்கிறது என்பதற்கு அடிப்படை, பதிப்புரிமை பற்றி நாடுகள் செய்துகொண்ட, 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கை. 1908இல் பெர்லினில் அது திருத்தப்பட்டபோது, உரிமை பெறுவதற்குப் பதிவோ வேறு சடங்குகளோ தேவையில்லை என்ற விதி உறுதியானது. அமெரிக்காவோ நெடுங்காலம் ஒதுங்கி நின்று, வட்டத்துக்குள் சி என்ற எழுத்தும் ஆண்டும் பெயரும் கொண்ட அறிவிப்பு இல்லாமல் வெளியானவற்றுக்குப் பாதுகாப்பை மறுத்துவந்தது. 1989 மார்ச் 1 முதல் அங்கும் அந்தக் கட்டாயம் நீங்கியது. அந்தக் குறி இல்லாத படம் உரிமையற்ற படம் என்ற நம்பிக்கை, சட்டம் மாறிப் பல பத்தாண்டுகள் ஆன பின்னும் புழங்குகிறது. அந்தக் குறி ஓர் எச்சரிக்கைப் பலகை. பலகை இல்லை என்பதற்காகத் தோட்டம் பொதுச்சொத்து ஆகிவிடாது.

படம் எடுப்பது இயந்திரத்தின் வேலைதானே, அதில் மனிதருக்கு என்ன உரிமை என்ற வாதமும் பழையது. 1882இல் நியூயார்க்கில் நெப்போலியன் சரோனி என்ற புகைப்படக் கலைஞர், எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டைத் தம் ஸ்டுடியோவில் அமர்த்தி எடுத்த படத்தை, ஓர் அச்சு நிறுவனம் 85,000 படிகள் அனுமதியின்றி அச்சிட்டது. கேமரா இருப்பதைப் பதிவு செய்கிறது, அதில் படைப்பு ஏதும் இல்லை என்று அந்த நிறுவனம் வாதிட்டது. 1884இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வைல்டை எப்படி அமர வைப்பது, என்ன உடை, பின்னால் என்ன திரை, ஒளி எங்கே விழ வேண்டும், நிழல் எங்கே நிற்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானித்தவர் சரோனி. ஆகவே அவரே அப்படத்தின் ஆசிரியர் என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும் 2011இல் ஒரு முகப்படம் பற்றிய வழக்கில் இதே திசையில் தீர்ப்பளித்தது. எடுப்பதற்கு முன் பின்புலத்தையும் ஒளியையும் தேர்வது, எடுக்கும்போது சட்டகத்தையும் கோணத்தையும் தேர்வது, எடுத்த பின் எப்படி அச்சிடுவது என்று தேர்வது ஆகிய சுதந்திரமான முடிவுகளில் படைப்பாளியின் முத்திரை விழுகிறது என்பது அதன் விளக்கம்.

இதை வைத்து இரண்டாவது படத்தைப் பாருங்கள். கைப்பேசி கேட்டவருடையது, முகம் கேட்டவருடையது, ஆனால் எங்கே நின்று எந்த நொடியில் எடுப்பது என்று முடிவு செய்தவர் நண்பர். ஆகவே பொதுவான விதிப்படி பதிப்புரிமை நண்பருடையது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவரே என்று வெளிப்படையாகவே வரையறுக்கிறது. கேட்டவருக்கு இது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் ஒருவருடைய பேனாவை இரவல் வாங்கிக் கவிதை எழுதினால் கவிதை பேனாக்காரருடையது ஆவதில்லை. ஒரு விலக்கு உண்டு. கேமராவை முக்காலியில் நிறுத்தி, சட்டகத்தை முடிவு செய்து, ஒளியை அளந்து வைத்துவிட்டு, "நான் போய் நின்றதும் இந்தப் பொத்தானை அழுத்துங்கள்" என்று மட்டும் சொல்லியிருந்தால், அழுத்திய விரலைவிட முடிவெடுத்த மனத்துக்கே உரிமை சேர வேண்டும் என்று வலுவாக வாதிடலாம். நடைமுறையில் நண்பர்களுக்கிடையே இது வழக்காவதில்லை. படத்தை விற்கவோ போட்டிக்கு அனுப்பவோ எண்ணும்போது மட்டும், நண்பரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வது போதும்.

மனிதர் முடிவெடுக்காத இடத்தில் உரிமை பிறக்குமா என்ற கேள்வியையும் இந்த நூற்றாண்டின் ஒரு வழக்கு எழுப்பியது. 2011இல் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், டேவிட் ஸ்லேட்டர் என்ற பிரிட்டிஷ் கலைஞரின் கேமராவை ஒரு கருங்குரங்கு இயக்கித் தன்னையே படம் எடுத்தது. உரிமை தனக்கே என்றார் ஸ்லேட்டர். விலங்கு எடுத்த படத்துக்கு உரிமையாளரே இல்லை என்று சொல்லி, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அதை நீக்க மறுத்தது. குரங்குக்கே உரிமை என்று ஒரு விலங்குநல அமைப்பு 2015இல் வழக்குத் தொடுத்தது. விலங்கு பதிப்புரிமை வழக்குத் தொடுக்க முடியாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் கூறியது. செயற்கை நுண்ணறிவு தானாக உருவாக்கும் படங்களுக்கு உரிமையாளர் யார் என்று இன்று கேட்கும்போது, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் அதே கோட்டில்தான் நிற்கிறது: மனிதப் படைப்பு இருந்தால்தான் உரிமை.

இனி பயண நிறுவனத்தின் முதல் வாதம், "நீங்களேதான் பொதுவில் போட்டீர்கள்" என்பது. சமூக ஊடகத் தளத்தில் கணக்குத் தொடங்கும்போது நாம் ஒப்புக்கொள்ளும் விதிமுறைகளில், நாம் ஏற்றும் படங்களின் உரிமை நமக்கே உரியது என்று எழுதியிருக்கும்; அதை அடுத்து, ஒருவருக்கு மட்டுமே என்று அடங்காத, கட்டணமில்லாத, பிறருக்கு மாற்றத்தக்க, உலகளாவிய உரிமம் ஒன்றை நாம் தளத்துக்குத் தருவதாகவும் எழுதியிருக்கும். உரிமை வேறு, உரிமம் வேறு. வீட்டை வாடகைக்கு விட்டவர் வீட்டை விற்றவர் ஆகமாட்டார். குடியிருப்பவர் கூடத்தில் விருந்து வைக்கலாம், பத்திரத்தை மாற்றி எழுத முடியாது. அதிலும் இந்த வாடகை ஒப்பந்தம் நமக்கும் தளத்துக்கும் இடையிலானது. தெருவில் போகிறவர் அந்த ஒப்பந்தத்தைக் காட்டி உள்ளே நுழைய முடியாது. அதற்காக அந்த விதிமுறைகள் சாதுவானவை என்று சொல்ல மாட்டேன். பயனர்களின் படங்களை விளம்பரங்களோடு இணைத்துக் காட்ட வழி செய்வதுபோல் இன்ஸ்டாகிராம் 2012 டிசம்பரில் விதிமுறைகளை மாற்ற முயன்றபோது பெரும் எதிர்ப்பு எழுந்து, சில நாள்களிலேயே அந்த வாசகம் திரும்பப் பெறப்பட்டது. படித்துப் பார்ப்பதற்கு அரை மணி நேரம் செலவிடுவது வீண் அல்ல என்பதை அந்த நிகழ்ச்சி எனக்குச் சொன்னது.

இந்த வாதம் நீதிமன்றத்தில் சோதிக்கப்பட்ட கதை நெஞ்சை அறுப்பது. 2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியபோது, அந்நாட்டுப் புகைப்பட இதழியலாளர் டேனியல் மொரெல் இடிபாடுகளுக்கிடையே படம் எடுத்து, அன்றே ட்விட்டரோடு இணைந்த ட்விட்பிக் தளத்தில் ஏற்றினார். சிறிது நேரத்தில் வேறொருவர் அவற்றைத் தன்னுடையவைபோலத் தன் பக்கத்தில் போட்டார். ஏஎஃப்பி செய்தி நிறுவனம் அந்த இரண்டாம் நபரின் பக்கத்திலிருந்து படங்களை எடுத்து, அவர் பெயரிலேயே வெளியிட்டு, படங்களை விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனம் வழியாகவும் உலகுக்கு விநியோகித்தது. மொரெலின் தரப்பு எதிர்த்தபோது, தாங்கள் எந்த உரிமையையும் மீறவில்லை என்று அறிவிக்கக் கோரி ஏஎஃப்பிதான் முதலில் நீதிமன்றம் சென்றது. ட்விட்டரில் இட்டாலே பிறர் எடுத்துக்கொள்ள உரிமம் கிடைத்துவிடுகிறது என்பது அதன் வாதம். 2013 ஜனவரியில் நியூயார்க் நீதிமன்றம் அதை நிராகரித்தது: பகிர்ந்து காட்டலாம் என்பதும், எடுத்து வணிகம் செய்யலாம் என்பதும் ஒன்றாகாது. அதே ஆண்டு நவம்பரில் நடுவர் குழு 12 லட்சம் டாலருக்கும் அதிகமான இழப்பீட்டை மொரெலுக்குத் தீர்ப்பளித்தது. இன்றும் யாராவது "பப்ளிக்காகத்தானே போட்டிருந்தார்" என்று தொடங்கினால், நான் இந்த வழக்கைத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது வாதம், "பெயர் போட்டிருக்கிறோம்" என்பது. பெயர் போடுவது நல்ல பண்பு. பல நாடுகளில் அது படைப்பாளியின் தார்மிக உரிமையும்கூட. ஆனால் அது அனுமதியின் இடத்தை நிரப்பாது. ஜெர்மனியில் ஒரு பள்ளி மாணவி, ஸ்பெயினின் கோர்டோபா நகரத்தின் படம் ஒன்றை ஒரு பயண இணையதளத்திலிருந்து இறக்கி, தன் பாடக் கட்டுரையில் சேர்த்து, எங்கிருந்து எடுத்தது என்றும் குறித்திருந்தார். பள்ளி அக்கட்டுரையைத் தன் இணையதளத்தில் ஏற்றியது. படத்தை எடுத்த கலைஞரோ, அந்தப் பயணத் தளத்துக்கு மட்டுமே அனுமதி தந்திருந்தார். 2018 ஆகஸ்ட் 7 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், மூலத் தளத்தில் அந்தப் படம் யாரும் பார்க்கும்படி தடையின்றி இருந்தபோதிலும், இன்னொரு தளத்தில் ஏற்ற மீண்டும் அனுமதி வேண்டும் என்றது. அதற்குச் சொன்ன காரணம் ஆழமானது. கலைஞர் மனம் மாறி மூலத் தளத்திலிருந்து படத்தை நீக்கினாலும், ஏற்றப்பட்ட பிரதி தொடர்ந்து உலவும். தன் படைப்பின் மேல் அவருக்கு இருக்க வேண்டிய பிடி நழுவிவிடும். பயண நிறுவனத்தின் விளம்பரத்துக்கு இந்த விளக்கம் அப்படியே பொருந்துகிறது. அங்கே கல்வி நோக்கம்கூட இல்லை.

இதிலிருந்தே இணைப்புக் கொடுப்பதற்கும் பிரதி எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு விளங்கும். இணைப்புக் கொடுத்தால் மூலத்தை நீக்கியதும் அது செத்துவிடும். ஆகவே யாவரும் பார்க்கக் கூடிய பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பது மீறல் ஆகாது என்று அதே நீதிமன்றம் 2014இல் சொல்லியிருக்கிறது. பிறர் பக்கத்திலுள்ள படத்தைத் தன் பக்கத்துக்குள் பொதித்துக் காட்டுவது பற்றி அமெரிக்க நீதிமன்றங்களே ஒன்றுக்கொன்று மாறுபட்டுத் தீர்ப்பளித்திருக்கின்றன. வணிகப் பக்கம் நடத்துகிறவர்கள் அங்கே கேட்டுவிட்டுச் செய்வதே நல்லது.

மூன்றாவது படம்தான் உண்மையில் சிக்கலானது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை யாருக்கு? இந்தியச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரையே முதல் உரிமையாளர் என்கிறது. பிரிட்டனில் 1956ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தான் இருந்தது. 1989 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் உரிமையை எடுத்தவரிடம் கொடுத்தது. கனடா 2012இல் அதே வழியில் திரும்பியது. சிங்கப்பூர் 2021 நவம்பர் முதல் திரும்பியது. ஆக, ஒரே திருமணப் படம் ஒரு நாட்டில் மணமக்களுடையது, இன்னொரு நாட்டில் ஸ்டுடியோவுடையது. ஸ்டுடியோவுக்கு உரிமை போகும் நாடுகளில் மணமக்கள் தங்கள் படத்தைப் பெரிதாக்கி அச்சிடுவதற்குக்கூட அனுமதி கேட்கும் நிலை வரலாம். மணமக்களுக்கு உரிமை போகும் நாட்டில், கலைஞர் தம் சிறந்த படைப்பைக் காட்சிக்கு வைக்கவும் அவர்களிடம் கேட்க வேண்டும். எது நியாயம் என்று கேட்டால், உரிமை கலைஞரிடமும், தனிப்பட்ட நிகழ்ச்சியை வெளியிடாமல் தடுக்கும் அதிகாரம் குடும்பத்திடமும் இருப்பதே சரி என்பது என் கருத்து. பிரிட்டனின் சட்டம் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது: குடும்பத் தேவைக்காகப் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் பதிப்புரிமை கலைஞருடையதாக இருந்தாலும், அதைப் பொதுமக்களுக்குக் காட்டாமல் தடுக்கும் உரிமையை எடுக்கச் சொன்னவருக்குத் தருகிறது. இவை எல்லாமே ஒப்பந்தம் மௌனமாக இருக்கும்போது பேசும் விதிகள். முன்பணம் கொடுக்கும்போதே, உரிமை யாருக்கு, ஸ்டுடியோ தன் பக்கத்தில் போடலாமா, குழந்தைகள் இருக்கும் படங்களைத் தவிர்க்க வேண்டுமா என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் இந்தப் பத்தியே தேவைப்படாது. சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் பணியின் பகுதியாக எடுத்த படம், பல நாடுகளில், மாறான ஒப்பந்தம் இல்லையென்றால், முதலாளிக்கே போகும்.

படத்தில் இருப்பவருக்கு ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது; ஆனால் அது பதிப்புரிமை அல்ல. அந்தரங்க உரிமை, தரவுப் பாதுகாப்பு, தம் முகத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமை என்று வேறு பெயர்களில் அது வருகிறது. ஒரே படத்தின் மேல் இரண்டு பேருக்கு இரண்டு வகை உரிமை இருக்கலாம். ஒருவரது அனுமதி மற்றவரது அனுமதி ஆகாது. தம்மைத் தெருவில் எடுத்த படத்தைத் தம் பக்கத்தில் பகிர்ந்த பிரபலங்கள்மீதே, எடுத்த நிறுவனங்கள் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்திருக்கின்றன. மாடல் அழகி ஜிஜி ஹடீட் மீதான அத்தகைய வழக்கு 2019இல் தள்ளுபடியானது. ஆனால் உரிமை தானாகப் பிறந்தாலும், அங்கே வழக்குப் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய பதிவைச் செய்யாமல் வழக்குப் போட்டார்கள் என்ற காரணத்துக்காகவே அது தள்ளுபடியானது. முகம் அவருடையது என்பதற்காக அன்று.

விதிவிலக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விமர்சனம், ஆய்வு, நடப்புச் செய்தி ஆகியவற்றுக்காக நியாயமான அளவில் பயன்படுத்தப் பல சட்டங்கள் இடம் தருகின்றன. ஆனால் பிரிட்டனின் செய்தி விலக்கு புகைப்படங்களை மட்டும் பெயர் சொல்லியே வெளியே நிறுத்துகிறது. படத்தை மாற்றி வரைந்தால் புதிய படைப்பாகிவிடும் என்பதும் எப்போதும் செல்லாது. பாடகர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித் 1981இல் எடுத்த படத்தை வைத்து ஆண்டி வார்ஹால் செய்த ஓவியத்தை ஒரு பத்திரிகைக்கு உரிமம் கொடுத்தது நியாயமான பயன்பாடு அன்று என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. ஒளியை ஏற்றி வடிகட்டி போடுவதெல்லாம் அதன் அருகில்கூட வராது.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள், அனுமதியை முன்கூட்டியே எழுதி வைக்கும் நல்ல ஏற்பாடு. அவற்றிலும் நான் கண்ட ஒரு பள்ளம் உண்டு: உரிமம் கொடுப்பவர் உண்மையான உரிமையாளராக இருக்க வேண்டும். ஒருமுறை ஒரு நூலுக்காகக் கொக்கு ஒன்றின் படத்தைத் தேடினேன். பதினொரு தளங்களில் அது இருந்தது. ஒன்றில் இலவச உரிமம், மற்றவற்றில் வெவ்வேறு பெயர்கள். பத்துப் படிகளில் கொக்கின் வலப்பக்கம் நீரோடு முடிந்திருந்தது. பதினோராவது படி மட்டும் அகலமாக இருந்தது. அதன் விளிம்பில் ஒரு படகின் மூக்கும், துடுப்பைப் பிடித்த ஒரு கையும் தெரிந்தன. வெட்டிய படத்திலிருந்து அந்தக் கையை யாரும் வரவழைக்க முடியாது. அந்தப் பக்கத்தின் உரிமையாளருக்கு எழுதினேன், அவர்தான் எடுத்தவர். இலவச உரிமம் எதையும் அவர் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை.

அந்தக் கொக்கின் படம்தான் கேட்டவருக்கான நடைமுறை யோசனைக்கும் தொடக்கம். மூலக் கோப்பை வைத்திருங்கள். கைப்பேசியில் எடுத்த படத்தின் விவரப் பகுதியைத் திறந்தால், எடுத்த நாள், நொடி வரை நேரம், கருவியின் மாதிரி, திறப்பு நேரம், சில வேளைகளில் இடத்தின் ஆயக்கூறுகள் என எல்லாம் இருக்கும். அதே படம் வாட்ஸ்அப் வழியாக ஒருமுறை போய் வந்தால் அளவு சுருங்கி, அந்த விவரங்கள் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். பயண நிறுவனத்திடம் இருப்பது அப்படிச் சுருங்கிய பிரதி. உங்களிடம் இருப்பது முழுப் படமும் அதற்கு முன்னும் பின்னும் எடுத்த நான்கைந்து படங்களும். படைப்பாளியின் பெயர் போன்ற உரிமை விவரங்களை வேண்டுமென்றே நீக்குவது பல நாடுகளில் தனிக் குற்றம். இந்தியாவில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்கென ஒரு பிரிவையே சேர்த்தது.

அடுத்து, விளம்பரம் நீக்கப்படுவதற்கு முன்பே அதன் பக்கத்தை முகவரியும் தேதியும் தெரியும்படி பதிவு செய்துகொண்டு, நிறுவனத்துக்குக் கோபமில்லாத ஒரு கடிதம் எழுதுங்கள். படம் என்னுடையது, மூலக் கோப்பு என்னிடம் உள்ளது, அனுமதி தரவில்லை, இத்தனை நாளுக்குள் நீக்குங்கள் அல்லது இந்தக் கட்டணத்தைச் செலுத்தி உரிமம் பெறுங்கள் என்ற நான்கு செய்திகள் போதும். பெரும்பாலான விவகாரங்கள் இங்கேயே முடிந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். முடியாவிட்டால் விளம்பரம் இருக்கும் தளத்துக்குப் புகார் அனுப்பலாம். அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, முறையான புகார் வந்ததும் உடனே நீக்கும் தளங்களுக்கே பொறுப்பிலிருந்து விலக்குக் கிடைக்கிறது; எதிர்த்தரப்பு மறுப்பு அனுப்பினால், நீங்கள் வழக்குத் தொடுக்காத நிலையில், 10 முதல் 14 வேலை நாள்களுக்குள் படம் மீண்டும் ஏற்றப்படும். இந்தியாவின் 2013ஆம் ஆண்டு விதிகள், புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்தச் சொல்கின்றன. 21 நாள்களுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் தளம் அதை மீண்டும் திறக்கலாம். ஆகவே புகார் அனுப்பும்போதே அடுத்த படிக்கு வழக்கறிஞரை அணுகத் தயாராக இருங்கள்.

இரண்டாவது படமும் அதே விளம்பரத்தில் இருந்தால், பதிப்புரிமைப் புகாரில் நண்பரே கையெழுத்திட வேண்டும். உங்கள் முகத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது பற்றிய எதிர்ப்பை மட்டும் நீங்கள் தனிக் கடிதமாக அனுப்புங்கள். ஸ்டுடியோ விஷயத்தில், கடிதம் எழுதுவதற்கு முன் முன்பணம் கொடுத்தபோது வாங்கிய ரசீதைத் தேடி எடுத்து, அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் நிபந்தனைகளைப் படியுங்கள்.